ஜெர்மனிக்குப் படிக்க வரும் நண்பருக்கு உதவுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே விதமான கேள்விகள் வரத் தொடங்கும். கேட்பவர்கள் புதிய மாணவர்கள் அல்லர். ஓராண்டோ ஈராண்டோ முன்பே இங்கு வந்து சேர்ந்து, இப்போது தங்கள் கல்லூரித் தோழனையோ அத்தை மகளையோ வரவேற்கக் காத்திருப்பவர்கள். வருகிறவருக்கான குறிப்புகள் எத்தனையோ கிடைக்கின்றன. ஆனால் வரவேற்கிறவர் எதைத் தம் தலையில் போட்டுக்கொள்ளலாம், எதிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

நான் பெல்ஜியம், நெதர்லாந்து எல்லைகளை ஒட்டியுள்ள ஆகன் நகரில் படித்து, அங்கேயே வேலையில் இருக்கிறேன். எனவே கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வரும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொகைகள் 2026 தொடக்கத்தில் உள்ள நிலவரம். அவை அவ்வப்போது மாறும் என்பதை நினைவில் கொள்க.

நண்பன் அடுத்த மாதம் வருகிறான். அவன் விமானம் ஏறுவதற்கு முன் நான் செய்ய வேண்டியது என்ன?

தங்குமிடம் தேடுவதில்தான் உங்கள் உதவி உண்மையாகவே தேவைப்படுகிறது. மற்ற எல்லாவற்றையும் அவர் சென்னையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். ஸ்டூடியெரண்டன்வெர்க் எனப்படும் மாணவர் நல அமைப்பின் விடுதிகளுக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஏனெனில் பெரிய நகரங்களில் ஒரு பருவமோ அதற்கு மேலோ காத்திருக்க நேரிடும். தனியார் வீடுகளிலும், நாலைந்து பேர் பகிர்ந்து வாழும் 'வேகே' வீடுகளிலும் அறையை நேரில் வந்து பார்ப்பவருக்கே முன்னுரிமை. அவருக்குப் பதிலாக நீங்கள் போய், குழாயைத் திறந்து பார்த்து, சுவர் மூலைகளில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து, காணொளி எடுத்து அனுப்பினால் அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

"நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று எழுதும் வீட்டுக்காரர் எவராயினும் மோசடிக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். என்னுடன் படித்த ஒருவர் மிக அழகான படங்களைப் பார்த்து இரண்டு மாத வாடகையை அனுப்பினார். அந்த முகவரிக்கு நான் நேரில் போனபோது அங்கே ஒரு முடிதிருத்தகம் இருந்தது. உண்மையான வீட்டுக்காரரும் முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. அதைத் தவணையில் செலுத்தவும் வாடகைதாரருக்கு உரிமை உண்டு.

பெட்டியில் என்ன கொண்டு வரச் சொல்வது? அவன் அம்மா பெரிய பட்டியலே போட்டிருக்கிறார்.

அந்தப் பட்டியலிலிருந்து முதலில் நெய்யையும் பால்கோவாவையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டு வருவது தடைசெய்யப்பட்டுள்ளது. கருவாட்டுக்கு அந்தத் தடை இல்லை, ஆனாலும் அதன் மணம் பெட்டியிலுள்ள சட்டைகளை விடாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்று வேண்டும். நிழலில் உலர்த்திப் பொடித்துக் கொண்டு வந்தால் தொல்லை இல்லை. துவரம்பருப்பு, புழுங்கலரிசி, புளி, பெருங்காயம் எல்லாம் இங்குள்ள இலங்கைத் தமிழர் கடைகளிலும் ஆசியக் கடைகளிலும் கிடைக்கும். அவற்றுக்காக எடையை வீணாக்க வேண்டாம்.

கொண்டு வரத் தக்கவை மூன்று: வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடி, மருத்துவர் சீட்டுடன் வழக்கமான மருந்துகள், அடிப்பாகம் தட்டையான ஒரு சிறிய குக்கர். குக்கர் வாங்குவதற்கு முன் அவர் தங்கப் போகும் இடத்தின் அடுப்பு எந்த வகை என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் சாதாரண அலுமினியக் குக்கர் சூடேறாது. கனமான குளிர்கால அங்கியைத் தியாகராய நகரில் வாங்க வேண்டாம், இங்கு வந்து வாங்குவதே நல்லது. மூலச் சான்றிதழ்கள் அனைத்தும் கைப்பையில் இருக்க வேண்டும். கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும், 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏபிஎஸ் சான்றும் அவற்றில் அடங்கும்.

விமான நிலையத்துக்கு நேரில் போக வேண்டுமா?

முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் அவர் எந்த நிலையத்தில் எந்த ரயிலில் ஏற வேண்டும் என்பதை எழுதி அனுப்புங்கள். பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் நெடுந்தூர ரயில்களுக்கு ஒரு நிலையமும் வட்டார ரயில்களுக்கு வேறொரு நிலையமும் உள்ளன. இரண்டு பெரிய பெட்டிகளோடு தவறான நிலையத்தில் போய் நின்றுவிட்டுக் கண்ணீரோடு அழைத்தவர்கள் உண்டு.

இன்னொன்று டாய்ச்லாண்ட் டிக்கெட் பற்றியது. 2023 மே மாதத்தில் 49 யூரோவாகத் தொடங்கிய இந்த மாதச் சீட்டு, 2025இல் 58 ஆகி, 2026 ஜனவரி முதல் 63 யூரோவாக உள்ளது. நாடு முழுவதும் வட்டார ரயில்களிலும் நகரப் பேருந்துகளிலும் இது செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. இது தெரியாமல் வந்த முதல் நாளே குறைந்தது 60 யூரோ அபராதம் கட்டுவது மனத்தை மிகவும் ஒடித்துவிடும். பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதே சீட்டு பருவக் கட்டணத்தோடு சேர்ந்து குறைந்த விலையில் கிடைப்பதால், தனியாக வாங்கும் முன் அதை விசாரித்துக்கொள்வது நல்லது. தனியாக வாங்கியிருந்தால் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துக்கொள்ளப்படும்.

வீடு கிடைக்கும் வரை என் அறையில் எத்தனை நாள் தங்க வைக்கலாம்?

சாதாரண வாடகை வீட்டில் விருந்தினரை ஆறு முதல் எட்டு வாரம் வரை வைத்துக்கொள்வதைப் பொதுவாக யாரும் ஆட்சேபிப்பதில்லை. மாணவர் விடுதிகளின் ஒப்பந்தத்தில் தனி விதி இருக்கும். சில விடுதிகளில் அது சில இரவுகளோடு முடிந்துவிடும். ஒப்பந்தத்தை எடுத்து வாசித்த பிறகு நாளைச் சொல்லுங்கள். அவரிடம் வாடகை வாங்கத் தொடங்கினால் அவர் விருந்தினர் அல்லர், உள்வாடகைதாரர். அதற்கு வீட்டுக்காரரின் அனுமதி தேவை.

சட்டம் ஒருபுறமிருக்க, "வீடு கிடைக்கும் வரை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "அக்டோபர் 20 வரை" என்று தேதி சொல்லுங்கள். பன்னிரண்டு சதுர மீட்டர் அறையில் இருவர் நண்பர்களாகவே இருக்கக் கூடிய காலத்துக்கு ஓர் அளவுண்டு.

முகவரிப் பதிவுக்கு உன் முகவரியைக் கொடு என்கிறான். கொடுக்கலாமா?

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியதே இந்தக் கேள்விதான். ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். 'அன்மெல்டுங்' என்று நாம் எல்லோரும் சொல்வது இதைத்தான். அதற்கு வீட்டைக் கொடுத்தவரின் கையொப்பமிட்ட உறுதிச் சான்று வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் வரி எண் முதல் குடியிருப்பு அனுமதி வரை எதுவும் எளிதில் நகராது என்பதால், வீடு கிடைக்காத ஒவ்வொருவரும் நண்பரின் முகவரியைக் கேட்கிறார்கள்.

அவர் உண்மையில் உங்களுடன் குடியிருந்தால், அதற்கு உங்கள் வீட்டுக்காரரும் இசைந்திருந்தால், பதிவு செய்வதில் தவறில்லை. முதன்மை வாடகைதாரர் என்ற முறையில் உறுதிச் சான்றில் நீங்களே கையொப்பமிடலாம். அவர் வேறெங்கோ தங்கிக்கொண்டு உங்கள் முகவரியைக் காகிதத்தில் மட்டும் வைத்திருக்கப் போகிறார் என்றால், அது போலிப் பதிவு. அப்படி முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்த முழுத் தொகையையும் மாணவர் ஒருவரிடம் விதித்து நான் கண்டதில்லை, ஆனால் உங்கள் சொந்தக் குடியிருப்பு அனுமதியும் அதே அதிகாரிகளின் மேசையில்தான் புதுப்பிக்கப்பட வேண்டும். நட்பு முறியும் என்ற அச்சத்தில் இதற்கு இசைய வேண்டாம். மறுத்துவிட்டு, முகவரிப் பதிவுக்கு இடம்தரும் தற்காலிக அறை ஒன்றைச் சேர்ந்து தேடுங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் எந்த வேலையை முதலில் முடிப்பது?

முகவரிப் பதிவு முதலில். அதற்கான நேர ஒதுக்கீட்டை, அதாவது 'டெர்மின்' என்பதை, அவர் வருவதற்கு முன்பே இணையத்தில் வாங்கிவிடலாம். அடுத்து வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டை உறுதிசெய்தல், பல்கலைக்கழகப் பதிவை முடித்தல். வங்கிக் கணக்கு திறந்த பிறகே, விசாவுக்காக முன்பே பணம் போட்டு முடக்கி வைத்திருக்கும் 'பிளாக் அக்கவுண்டில்' உள்ள பணம் மாதந்தோறும் வரத் தொடங்கும். கடைசியாக, விசா முடிவதற்கு முன் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பம். நேர ஒதுக்கீடு கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் நகரங்கள் உண்டு. விசா முடியும் முன்பே விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும் வரை பழைய நிலை தொடரும். எனவே விண்ணப்பித்ததற்கான சான்றை அவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. தபால் பெட்டியில் அவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார். பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, அதன் இரகசிய எண், வரி எண் ஆகிய மூன்றும் தனித்தனி உறைகளில் வந்து, தனித்தனியே திரும்பிப் போய்விடும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக அச்சாகியிருந்தால் அந்தப் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். நாம் அவரைக் 'கார்த்தி' என்று அழைக்கலாம், வங்கிக்கு அவர் 'ஹெர் முருகேசன்', அதாவது திரு. முருகேசன்.

அலுவலகங்களில் அவனுக்குப் பதில் நானே பேசிவிட்டால் வேலை விரைவாக முடியுமே?

அன்றைய வேலை முடியும். நான் என் நண்பர் ஒருவரை நகராட்சிக்கும் வங்கிக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் அழைத்துச் சென்று எல்லா இடத்திலும் நானே பேசினேன். நான்காவது இடத்தில் அதிகாரி அவரைப் பார்த்துப் பிறந்த தேதியைக் கேட்டார். அது ஆங்கிலத்திலேயே கேட்கப்பட்ட கேள்வி. அவர் என் பக்கம் திரும்பினார். தம் பிறந்த தேதிக்கும் என் முகத்தைப் பார்க்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. பழக்கியவன் நான்தான்.

அதற்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. முதல் அலுவலகத்தில் நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவதில் அவர் பேசுவார், தடுமாறினால் மட்டும் நான் வாய் திறப்பேன். மூன்றாவதற்கு அவர் தனியாகப் போவார், நான் கைப்பேசியை எடுக்கும் தூரத்தில் இருப்பேன். படிவங்களிலும் அப்படியே. பேனா அவர் கையில் இருக்க வேண்டும். தான் நிரப்பாத படிவத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது, ஆனால் கையொப்பம் அவருடையது.

மலிவான தனியார் காப்பீடு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறான். எடுக்கலாமா என்று கேட்கிறான். என்ன சொல்வது?

முப்பது வயதுக்குட்பட்டவர் என்றால் அரசுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பொதுக் காப்பீட்டிலேயே சேரச் சொல்லுங்கள். மாதம் ஏறத்தாழ 150 யூரோ என்பது பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் தனியார் காப்பீட்டுக்காகப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டால், படிப்பு முடியும் வரை அந்த முடிவை மாற்ற முடியாது. விசாவுக்காக எடுத்த பயணக் காப்பீடு வேறு. அது வந்திறங்கும் நாளுக்கும் பல்கலைக்கழகப் பதிவுக்கும் இடைப்பட்ட காலத்துக்கு மட்டுமே. முப்பதைத் தாண்டியவர் விமானம் ஏறும் முன்பே இதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பிளாக் அக்கவுண்டிலிருந்து பணம் வரவில்லை, கடன் கேட்கிறான். கொடுக்கலாமா?

விசாவுக்காகப் பிளாக் அக்கவுண்டில் வைக்க வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. அதாவது மாதம் 992 யூரோ. அதில் பல இலட்ச ரூபாய் கிடக்கும்போதே பால் வாங்கக் காசில்லாமல் நிற்கும் விசித்திரம் முதல் மாதத்தில் நடக்கும், ஏனெனில் வங்கிக் கணக்கு திறந்து, சரிபார்ப்பு முடிந்து முதல் தவணை வர நாள்கள் ஆகும். வரும்போதே முன்பணம், முதல் மாத வாடகை, ஒரு மாதச் சாப்பாடு ஆகியவற்றுக்குப் போதுமான தொகையைக் கையிலோ பயண அட்டையிலோ கொண்டு வரச் சொல்வதுதான் இதற்கு மருந்து.

அப்படியும் கேட்டால், திரும்பி வராவிட்டாலும் உங்களைப் பாதிக்காத தொகையை மட்டும் கொடுங்கள். அதை வங்கி வழியாகவே அனுப்பி, குறிப்பில் 'கடன்' என்று எழுதுங்கள். அளவுக்கு மீறிய கணக்குப் பார்ப்பாகத் தோன்றலாம். பிப்ரவரியில் இருவரும் வேறுவேறு தொகையை நினைவில் வைத்திருக்கும்போது அதன் அருமை தெரியும்.

வீட்டு ஒப்பந்தத்தில் ஜாமீன் கையொப்பம் போடச் சொல்கிறான். போடலாமா?

நீங்களும் மாணவர் என்றால் போடாதீர்கள். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மாணவரின் ஜாமீனை ஏற்பதும் இல்லை. வேலையில் இருப்பவர்களிடம் கேட்கப்படும் இன்னொன்று இதைவிடக் கனமானது: பிளாக் அக்கவுண்டுக்குப் பதிலாக, வருகிறவரின் செலவுகளை ஏற்பதாக அரசுக்கு எழுதிக் கொடுக்கும் பொறுப்பேற்பு உறுதி. அவருக்காக அரசு செய்யும் வாழ்க்கைச் செலவை ஐந்தாண்டுகள் வரை உங்களிடம் வசூலிக்க அது வழிசெய்கிறது. உடன்பிறந்தவருக்காக அதைச் செய்தவர்களை அறிவேன். நண்பருக்காகச் செய்வதற்கு முன் உங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அவனுக்குத் தெரிந்த ஒருவருக்காக என் வங்கிக் கணக்கில் பணம் வாங்கி, வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்கிறான். சிறு கமிஷனும் உண்டாம்.

செய்யவே கூடாது. மோசடிப் பணம் கைமாறுவது பெரும்பாலும் இப்படித்தான். வழக்கு வந்தால் காவல்துறை முதலில் தட்டுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கதவைத்தான். உங்கள் நண்பரும் அநேகமாக ஏமாற்றப்பட்டுக்கொண்டிருப்பவரே, அதை அவரிடம் அன்று மாலையே எடுத்துச் சொல்லுங்கள்.

வந்த மறுவாரமே பகுதி நேர வேலை வாங்கித் தரச் சொல்கிறான். எவ்வளவு நேரம் வேலை செய்யலாம்?

2024 மார்ச் முதல், ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்யலாம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் இருப்பது காப்பீட்டு நிலைக்கும் நல்லது. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. 'மினிஜாப்' எனப்படும் சிறு வேலையில் மாதம் 603 யூரோ வரை ஈட்டலாம். இதற்குக் குறைவாகக் கையில் பணமாகத் தருகிறேன் என்று சொல்பவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மாணவர் அனுமதியில் சுயதொழில் செய்யத் தனி இசைவு வேண்டும் என்பதையும், அடுத்தவரின் செயலிக் கணக்கில் உணவு விநியோகம் செய்வது இருவரையும் சிக்க வைக்கும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

என் சொந்தக் கருத்து: முதல் பருவத்தில் தேவை இல்லாவிட்டால் வேலை வேண்டாம். கிடங்கில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து காலை எட்டரை மணி வகுப்பில் உறங்கியவர்கள், கீழே தேர்வுகள் பற்றிய பதிலில் சொல்லப்படும் நிலைக்கு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து அறைக்காரர்கள் அவளைப் பற்றி என்னிடம் புகார் சொல்கிறார்கள். எப்படிப் பக்குவமாகச் சொல்வது?

புகார்கள் பெரும்பாலும் நான்கைத் தாண்டுவதில்லை: இரவு பத்து மணிக்கு மேல் சத்தம், ஞாயிற்றுக்கிழமை சத்தம், குப்பையைப் பிரிக்காமை, சமையலறை. முதல் மூன்றையும் ஒரு முறை சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும் என்பதைச் சனிக்கிழமையே சொல்லுங்கள். காலி பாட்டில்களைக் குப்பையில் போட வேண்டாம், பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் கடையிலுள்ள இயந்திரம் 25 சென்ட் திருப்பித் தரும். இதைக் கேட்டதும் எல்லார் முகமும் மலரும்.

சமையலறை சற்று நுட்பமானது. நான் விடுதியில் இருந்த முதல் ஆண்டில் வாணலியில் எண்ணெய் காய்ந்து, காய்ந்த மிளகாய் கருகி, அந்த நெடி கதவு வழியே நடைக்கூடத்துக்குப் போனது. கூரையிலிருந்த புகை உணரி அலறியது. ஆறு மாடிக்காரர்களும் இரவு உடையில் வாசலில் நின்றார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் மேலே வந்து, என் ரசத்தைப் பார்த்துவிட்டு, "சூப்பா?" என்று கேட்டார். தாளிப்பதற்கு முன் ஜன்னலைத் திறக்கவும், நடைக்கூடக் கதவை மூடவும், அடுப்பை உச்சத்தில் வைக்காமல் இருக்கவும் அவளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சமைப்பதையே விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஒரு கிண்ணம் ரசம் பக்கத்து அறைக்குப் போனால் புகாரில் பாதி போய்விடும்.

தொலைக்காட்சியே இல்லாதவனுக்குத் தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மோசடியா?

மோசடி அன்று. முகவரிப் பதிவு செய்த சில வாரங்களில் எல்லோருக்கும் வருவது. தொலைக்காட்சி இருக்கிறதா என்று பார்க்காமல், ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று வசூலிக்கப்படுகிறது. பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். அவர் உங்களுடன் இருந்தால் உங்கள் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினால் விஷயம் முடிந்துவிடும். பதில் எழுதாமல் விட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். பொதுவாகவே, உறைக்குள் வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் மேசையில் அடுக்கும் பழக்கம் அவருக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் தேர்வில் 1.3 வாங்கியதாகச் சொல்லி அழுகிறான். இன்னொருவன் இரண்டு முறை தோற்றும் கவலைப்படவில்லை. யாருக்கு என்ன சொல்வது?

முதல்வருக்கு இனிப்பு வாங்கிக் கொடுங்கள். இங்கே 1.0 தான் உச்ச மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி.

இரண்டாமவர் விஷயத்தில் உடனே உட்கார்ந்து பேசுங்கள். பெரும்பாலான பாடப்பிரிவுகளில் ஒரு கட்டாயத் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தோற்றால் படிப்பிலிருந்தே நீக்கப்படுவதோடு, அதே பாடப்பிரிவை ஜெர்மனியின் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரவும் வழியடைந்துவிடும். நம் ஊர் 'அரியர்' போல எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் பலர் முதல் இரண்டு வாய்ப்புகளை எழுதிப் பார்ப்போமே என்று வீணாக்கிவிடுகிறார்கள். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும், தயாராக இல்லையென்றால் குறித்த நாளுக்குள் விலகிக்கொள்ளலாம் என்பதையும், தேர்வன்று நோயுற்றால் உடனே மருத்துவச் சான்று வாங்கித் தர வேண்டும் என்பதையும் அவரது பாடப்பிரிவின் தேர்வு விதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். பாடப்பிரிவை மாற்ற நினைத்தால், அது குடியிருப்பு அனுமதியையும் தொடும். பல்கலைக்கழக ஆலோசகரையும் வெளிநாட்டவர் அலுவலகத்தையும் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது.

தமிழர்களோடு மட்டுமே இருக்கிறான், ஜெர்மன் கற்க மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

கட்டாயப்படுத்திப் பயனில்லை. அவருடைய பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும், நண்பர்கள் தமிழ் பேசுவார்கள், கடையில் அட்டையைத் தொட்டால் போதும். மொழி தேவைப்படும் நாள் அவர் வேலை தேடும்போதுதான் வரும். பல்கலைக்கழகங்களின் மொழி மையங்களில் மாணவர்களுக்கு இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ வகுப்புகள் உண்டு. தனியாகப் போகத் தயங்குபவரை, நீங்கள் அடுத்த நிலை வகுப்பில் சேரும்போது கூடவே அழைத்துச் செல்லுங்கள். 'டூ', 'ஸீ' என்ற இரண்டும் நம் 'நீ', 'நீங்கள்' போன்றவையே என்று சொன்னால், ஆங்கிலம் மட்டும் அறிந்தவரைவிட அவருக்கு அது விரைவில் பிடிபடும்.

தமிழர்களோடு இருப்பதும் குற்றமில்லை. முதல் பருவத்தில் ஒரு முறையாவது அவரை ஹம் நகருக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆகனிலிருந்து ஆர்இ 1 ரயிலில் ஏறினால் கொலோன், டுசல்டார்ஃப், டார்ட்மண்ட் வழியாக அதே ரயில் ஹம் வரை போகும், டாய்ச்லாண்ட் டிக்கெட்டே போதும். அங்கே ஊன்ட்ராப் பகுதியில், இலங்கைத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். போரால் வீடிழந்து வந்தவர்கள் தொழிற்சாலைகளுக்கு நடுவே கட்டிய அந்தக் கோயிலைப் பார்த்த பிறகு, விசா நேர ஒதுக்கீடு தள்ளிப்போனதைப் பற்றிய நம் புலம்பல் சற்றுக் குறைவதைக் கண்டிருக்கிறேன். பக்தி இல்லாதவருக்கும் சூடான சோறு காத்திருக்கும்.

நவம்பரிலிருந்து அவள் அறையை விட்டு வெளியே வருவதில்லை, செய்திக்குப் பதிலும் இல்லை. என்ன செய்வது?

டிசம்பரில் இங்கே காலை எட்டரைக்குத்தான் சூரியன் எழும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வெயிலை வெறுத்து வளர்ந்த நமக்கு, வெயில் இல்லாமை என்ன செய்யும் என்று முன்கூட்டித் தெரிவதில்லை. "ஏதாவது வேண்டுமென்றால் சொல்" என்று செய்தி அனுப்புவதால் பயனில்லை, சோர்ந்திருப்பவர் எதுவும் வேண்டுமென்று சொல்ல மாட்டார். நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். "மென்சாவுக்குச் சாப்பிடப் போகிறேன், சட்டையை மாட்டிக்கொண்டு வா" என்று பல்கலைக்கழக உணவகத்துக்கு அழையுங்கள். பகல் வெளிச்சம் இருக்கும் ஒரு மணி நேரத்தில் அவளை நடக்க வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கம், உணவு, வகுப்பு மூன்றும் குலைந்திருந்தால் அது நட்பால் மட்டும் சரியாவதன்று. மாணவர் நல அமைப்புகள் நடத்தும் உளவியல் ஆலோசனை பெரும்பாலும் இலவசம், பல இடங்களில் ஆங்கிலத்திலும் கிடைக்கும். நேரம் வாங்கும் வரை உடனிருந்து உதவுங்கள். இரவிலோ விடுமுறையிலோ மருத்துவர் தேவைப்பட்டால் 116117. மனம் விட்டுப் பேச 0800 1110111 என்ற கட்டணமில்லா எண், அதில் பெரும்பாலும் ஜெர்மன் பேசுவார்கள். தம் உயிருக்குத் தீங்கு செய்துகொள்வேன் என்ற பேச்சு வந்தால் தயங்காமல் 112ஐ அழையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், இரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவன் அம்மா தினமும் என்னை அழைத்து, "தம்பி, அவன் சாப்பிட்டானா, படிக்கிறானா" என்று கேட்கிறார். தேர்வில் தோற்றதை அவன் வீட்டில் மறைத்திருக்கிறான். நான் என்ன சொல்வது?

பொய்யும் சொல்லாதீர்கள், செய்தியாளராகவும் ஆகாதீர்கள். "நன்றாக இருக்கிறான் அம்மா, நேற்றுப் பார்த்தேன். படிப்பைப் பற்றி அவனே சொல்வான், இன்று உங்களை அழைக்கச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அன்றே அவரை அழைக்க வையுங்கள். கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் தமிழ்நாடு முன்னால் இருப்பதால், இங்கே அவர் மாலை வகுப்பு முடித்து வரும்போது அங்கே அம்மா உறங்கப் போயிருப்பார். பல வீடுகளில் பேச்சு நின்றுபோவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். மதிய உணவு இடைவேளையில் அழைக்கச் சொல்லுங்கள்.

தோல்வியைச் சொல்வது அவருடைய பொறுப்பு. மூன்றாவது வாய்ப்பு மட்டும் மீதமிருக்கும் நிலையில், எப்போது சொல்லப் போகிறாய் என்று அவரிடம் ஒரு தேதி கேளுங்கள். விதிவிலக்கு ஒன்றுதான்: முந்தைய பதிலின் கடைசி வரிகளில் சொன்ன நிலை. அப்போது வீட்டுக்குச் சொல்ல அவர் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அவனுக்கு வீடு கிடைத்துவிட்டது, சனிக்கிழமை போகிறான். என் வேலை முடிந்ததா?

ஏறக்குறைய. புதிய முகவரியை அவர் இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். வங்கி, காப்பீடு, பல்கலைக்கழகம், வெளிநாட்டவர் அலுவலகம் ஆகியவற்றுக்கும் தெரிவிக்க வேண்டும். பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் சேவைக்குத் தபால் நிறுவனத்தில் சிறு கட்டணம் உண்டு. புது வீட்டின் சாவியை வாங்கும் அன்று சுவர்களையும் தரையையும் படம் எடுத்து, மின் அளவியின் எண்ணைக் குறித்து, ஒப்படைப்புத் தாளில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். முன்பணம் திரும்பி வருவது அந்தத் தாளைப் பொறுத்தது. இந்தச் சந்திப்புக்கு அவர் தனியாகப் போகலாம், மூன்றாவது அலுவலகத்தை எப்போதோ தாண்டிவிட்டார்.

உங்கள் பக்கம் மீதமிருப்பவை இரண்டு: அவரிடமிருந்து உங்கள் அறைச் சாவியைத் திரும்ப வாங்குவதும், தபால் பெட்டியிலிருந்து அவர் பெயரை உரித்தெடுப்பதும். இரண்டாவதை நான் மறந்துவிடுவேன். என் பெட்டியில் இப்போதும் மூன்று பெயர்கள் இருக்கின்றன, அவர்களில் ஒருவருக்கு மாதந்தோறும் பல் மருத்துவரின் நினைவூட்டல் வந்துகொண்டிருக்கிறது.